முகப்புப் படத்தில் ஒரு வாழையிலை

மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கமலநாதனின் ஆபீஸைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும். கீழே அய்யாவுவின் மாலைக்கடை. மல்லிகை, மரிக்கொழுந்து, ஈரச்சாக்கு எல்லாம் சேர்ந்த அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் ஏறினால் கண்ணாடிக் கதவு. உள்ளே இரண்டு மேசை, இரண்டு பேர். வெப்சைட் வடிவமைப்பவன் கமலநாதன். அதற்கான வாசகங்களை எழுதி, வாடிக்கையாளர்களிடம் பேசி, அவர்கள் பேசுவதையும் வாங்கிக் கட்டிக்கொள்பவள் அவன் மனைவி ஷாமினி.

கமலநாதன் வேலையில் கெட்டிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவன் கொஞ்சம் திட்டு வாங்கப் போகிறான். புடவைக்கடை, பூஜைச் சாமான் கடை, நாதஸ்வரக் குழு, தையல்காரர் என்று இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வெப்சைட் செய்தவன் அவன்தான். அவன் செய்த பக்கம் சட்டென்று திறக்கும், ஹென்போனின் சின்னத் திரையில் பார்த்தாலும் கலையாது, எழுத்து கண்ணை உறுத்தாது. ஒரே ஒரு குறை. வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் போதும், அவனிடம் தயாராக ஒரு வசனம் இருக்கும். தையல்காரரிடம், “தையல நான் சொல்லித் தரேனா அண்ணே? டிசைன எங்ககிட்ட விடுங்க” என்பான். நாதஸ்வரக்காரரிடம், “வாசிக்கிறத நான் சொல்லித் தரேனா?” என்பான். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரித்ததால் சம்மதம் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அய்யாவு மேலே ஏறி வந்தார். கையில் ஹென்போன், முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

“தம்பி, கோவிச்சுக்காத. நம்ம கடைக்குப் புதுசா ஒரு வெப்சைட் வந்திருக்கு.”

“நான்தானே அண்ணே செஞ்சு குடுத்தேன்?”

“அது பழசு லா. இது தனலெட்சுமி செஞ்சு குடுத்தது. டீ ஆறதுக்குள்ள முடிச்சிருச்சு.”

கமலநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். தனலெட்சுமி கல்யாணச் சமையல் எடுப்பவள். கிள்ளானிலிருந்து காஜாங் வரைக்கும் அவள் சாம்பார் போகும். இவர்களுடைய முதல் வாடிக்கையாளரும் அவள்தான். பார்க்கிற ஒவ்வொரு கடைக்காரரிடமும், “மேல்மாடியில ஒரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்க, நல்லா செய்வாங்க, போய்ப் பாருங்க” என்று சொல்லிச் சொல்லி இந்த ஆபீஸுக்கு ஆள் அனுப்பியவள். அவள் தன் வெப்சைட்டை இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது போன மாதமே தெரியும். “நானே போட்டுக்கிறேன் தம்பி” என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். இப்போது ஊருக்கும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“காட்டுங்க அண்ணே.”

அய்யாவு காட்டினார். ஆயத்தமாகக் கிடைக்கும் அச்சில், ஹென்போனிலேயே ஒட்டிச் செய்த பக்கம். மேலே மஞ்சள் எழுத்து, கீழே பச்சை எழுத்து, நடுவில் ஒரு ரோஜாப்பூ தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அய்யாவு மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில் அவர் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

“அலாமாக்! உங்க தலையே இல்லையே அண்ணே.”

“தலை எதுக்கு? மாலை தெரியுதுல்ல?” என்றார் அய்யாவு. “ரெண்டு ஆர்டர் வந்திருச்சு தம்பி. பொய் சொல்லல.”

அவர் இறங்கிப் போனதும் கமலநாதன் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை.

“அவ்வளவுதான் ஷாமினி. முடிஞ்சது. ஹென்போன் வச்சிருக்கவன் எல்லாம் டிசைனர். அதுல ஒரு ஆப் நாலு கேள்வி கேக்குது, பதில் சொன்னா பக்கம் வந்திடுது. படமும் அதுவே போடுது, எழுத்தும் அதுவே எழுதுது. நம்ம எதுக்கு? ராஜேஷ் சொன்னது சரி. திங்கக்கிழமை ஓகேன்னு சொல்லிடுறேன்.”

ராஜேஷ்குமார் அவனோடு படித்தவன், சைபர்ஜெயாவில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. மாதச் சம்பளம், மருத்துவம், குளுகுளு அறை, யாரும் சுற்றும் ரோஜாப்பூ கேட்க மாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போனால் இந்தக் கண்ணாடிக் கதவை மூட வேண்டியதுதான். ஷாமினியால் எழுத முடியும், பேச முடியும், ஆனால் அவன் கை இல்லாமல் ஒரு பக்கமும் எழும்பாது. பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஆபீஸுக்குத் தன் கையால் சுண்ணாம்பு அடித்தவள் அவள். அதைச் சொல்லிக் காட்டாமல், “திங்கக்கிழமை சொல்லலாம். இன்னைக்குச் சனிக்கிழமைதானே” என்றாள்.

“சொல்றதுல என்ன இருக்கு?”

“அந்த அக்கா ஏன் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஓசியில கிடைக்குது, போனாங்க.”

“ஓசிக்குப் போற ஆளா அது? உப்பு வாங்கினாலும் நல்ல கடையிலதான் வாங்குவேன்னு சொல்ற ஆளு. நாளைக்கு மண்டபத்துல சமையல் இருக்காம், அய்யாவு அண்ணன் சொன்னாரு. போய்க் கேப்போம். கேட்டுட்டு மூடுறதுன்னா மூடுங்க.”

கமலநாதனுக்கு அது பிடித்துப்போயிற்று, வேறு காரணத்துக்காக. அன்று முழுக்க உட்கார்ந்து தனலெட்சுமியின் பக்கத்தைப் புதிதாக இன்னொரு முறை வடிவமைத்தான். அவள் செய்தது எவ்வளவு மெதுவாகத் திறக்கிறது, தான் செய்தது எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டத் தயார் பண்ணிக்கொண்டான். அக்காவுக்குப் புரிய வைத்துவிட்டால் போதும் என்பது அவன் எண்ணம். மனுஷன் தோற்கிற நேரத்தில்கூடப் பாடம் நடத்தத்தான் பார்த்தான்.

ஞாயிறு விடியும்போதே மழை. கிள்ளானில் மழை என்றால் வானம் கறுத்து மிரட்டிவிட்டுப் போவதில்லை, சொன்னதைச் செய்யும். மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு சாலை முழங்கால் அளவு தண்ணீர். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து உள்ளே மேளம் ஓய்ந்திருந்தது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட சமையல்கட்டில்தான் உண்மையான கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்புகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஓர் அண்டாவில் சாம்பார் முருங்கைக்காயைப் புரட்டிக்கொண்டு கொதித்தது. இன்னொன்றில் ரசம் நுரை கட்டி ஏறியது. பயற்றங்காய்ப் பொரியலுக்குத் தேங்காய் துருவிய அக்காக்கள் இரண்டு பேர் யாரோ ஒரு மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர் அப்பளம் பொரித்து மூங்கில் கூடையில் அடுக்கினார்.

தனலெட்சுமி காலில் ரப்பர் பூட்ஸும் தலையில் துண்டுமாக நடுவில் நின்றாள். கரண்டியில் பாயசத்தை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “ஏலக்கா பத்தல” என்றாள். திரும்பியபோது இவர்கள்.

“வாங்க வாங்க! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“அக்கா, ஒரு பத்து நிமிஷம்...” என்று கமலநாதன் லேப்டாப் பையைத் தொட்டான்.

“பத்து நிமிஷமா? முதல் பந்திக்கு ஜனங்க உட்காரப் போகுது. இலை போடுற ரெண்டு பேரும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டானுங்க. லோரி அந்தப் பக்கம் நிக்குது. இலை மட்டும் நேத்தே கேரி தீவுலேருந்து வந்துருச்சு, நல்லவேளை. தம்பி, நீ வந்தது நல்லதாப் போச்சு. அந்தப் பையை மேல வை. ஷாமினி, நீ தண்ணி தெளிச்சுக்கிட்டே போம்மா. அவரு இலை போடட்டும்.”

கல்யாணச் சமையல்கட்டில் நிற்கிறவன் வேலை செய்துதான் ஆக வேண்டும். கமலநாதன் லேப்டாப்பை அரிசி மூட்டை மேல் வைத்தான். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இலைக்கட்டைத் தோளில் தூக்கினான். நீளமான மேசைகளில் வெள்ளைத் தாள் விரித்திருந்தது. ஷாமினி முன்னால் போய்த் தண்ணீர் தெளிக்க, அவன் பின்னால் ஒவ்வோர் இலையாக உதறிப் போட்டுக்கொண்டு போனான். முதலில் மெதுவாக, அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. மழையில் நனைந்த இலைகளின் பச்சை வாடை. முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “பாஸ், இங்க ஒண்ணு கிழிஞ்சிருக்கு” என்றார். மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது வரிசை முடிந்து நிமிர்ந்தபோது எதிரே தனலெட்சுமி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அவன் போட்ட இலைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா, தப்பா போட்டுட்டேனா?”

“இல்லப்பா. எல்லாம் சரியா இருக்கு. நுனி இடது பக்கம், அடி வலது பக்கம். ஒண்ணுகூட மாறல. யாரும் சொல்லித் தராம இப்ப மட்டும் எப்படித் தம்பி சரியா போடுற?”

“சின்ன வயசுலேருந்து போடுறதுதானேக்கா. இதுல என்ன இருக்கு?”

“அப்புறம் ஏம்ப்பா என் வெப்சைட்டுல திருப்பிப் போட்ட?”

கமலநாதனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த இலைக்கட்டு கனத்தது.

அந்தப் படத்தை அவனே எடுத்தான். தனலெட்சுமியின் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில், நல்ல கேமராவில், இலை நிறையப் பரிமாறி எடுத்த படம். பக்கத்தின் முகப்பில் திரை முழுக்க அதுதான். தலைப்பு எழுத்து இடது பக்கம் வர வேண்டும், ஆனால் படத்தில் இடது பக்கம் பாயசக் கிண்ணம் இடித்தது. படத்தை அப்படியே இடம் வலமாகப் புரட்டினான். ஒரே ஒரு அழுத்தல்தான். கிண்ணம் வலது பக்கம் போனது, எழுத்துக்கு இடம் கிடைத்தது. இலையின் நுனியும் வலது பக்கம் போனது. அதை அவன் இலையாகவே பார்க்கவில்லை.

“கல்யாணப் பொண்ணோட அம்மா ஒருத்தங்க போன் பண்ணாங்க,” என்றாள் தனலெட்சுமி. அடுப்பு இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுகிறவள், இதை மட்டும் கிட்டே வந்து தணித்துச் சொன்னாள். “ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க. ‘அக்கா, நீங்க காரியச் சமையல் மட்டும்தான் எடுப்பீங்களா, கல்யாணத்துக்கும் வருவீங்களா’ன்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம்தான் பக்கத்தத் தொறந்து பார்க்கிறேன். நம்ம பக்கம் அப்படி இலை எதுக்குப் போடுவோம்னு உனக்குத் தெரியாதா?”

“ஐயோ அக்கா,” என்றாள் ஷாமினி. தண்ணீர்ச் செம்பு அவள் கையில் அப்படியே நின்றது. அந்தப் பக்கத்துக்கு வாசகம் எழுதியவள் அவள். எத்தனையோ முறை பார்த்த படம்.

“ஏன்க்கா சொல்லல?” என்றான் கமலநாதன்.

“சொல்லலையா? மூணு தடவ சொன்னேன். படம் சரியில்ல தம்பி, மாத்துன்னு சொன்னேன். நீ இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கி அனுப்புன. திரும்பச் சொன்னேன். கலரக் கொறச்சு அனுப்புன. மூணாவது தடவ சொன்னப்ப என்ன சொன்ன? ‘சமையல நான் சொல்லித் தரேனா அக்கா? டிசைன எங்ககிட்ட விடுங்க’ன்னு சொல்லிச் சிரிச்ச. நானும் சிரிச்சேன்.”

“இலை திரும்பியிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“எப்படிப்பா சொல்றது? வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து, லேப்டாப்புக்குப் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டி ஆரம்பிச்ச பக்கம். கல்யாணச் சமையக்காரி நான். அது எதுக்குப் போடுற இலைன்னு என் வாயால சொன்னா நல்லாவா இருக்கும்? நீ நம்ம புள்ள, படம் சரியில்லன்னா நீயே பாத்துத் தெரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்.” தலையில் இருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் என்ன பண்றது? ஹென்போன எடுத்தேன். அது கேட்ட கேள்விக்கு எல்லாம் பதில் சொன்னேன். என் இலைய நானே போட்டேன். அசிங்கமாத்தான் இருக்கு, எனக்குத் தெரியாதா? உன் வேல அழகு, தம்பி. அத நான் இன்னைக்கும் சொல்வேன். ஆனா ஹென்போன் என் சொல்பேச்சு கேக்குது லா.”

யாரோ உள்ளேயிருந்து, “அக்கா, சாம்பார் எறக்கலாமா?” என்று கத்தினார்கள். அவள் போய்விட்டாள். பந்தி உட்கார்ந்துவிட்டது. நின்று வருத்தப்பட நேரமில்லை. கமலநாதன் மூன்றாவது வரிசைக்கு இலை போட்டான், சோற்றுத் தட்டு தூக்கினான், அப்பளம் வைத்தான். ஷாமினி மோர்க்குவளையோடு ஓடினாள். அவன் ஒவ்வோர் இலையையும் போட்ட பிறகு ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பதை அவள் கவனித்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது, அதே அளவு தன்மேலும் கோபம் வந்தது.

இரண்டாவது பந்திக்கும் மூன்றாவது பந்திக்கும் நடுவில், தண்ணீர்க் குழாயடியில் கை கழுவும்போது அவன் சொன்னான்:

“அந்த நாதஸ்வரக் குழு படத்தையும் நான் புரட்டியிருக்கேன் ஷாமினி.”

“தெரியும். இப்பத்தான் நெனச்சேன். தவில்காரர் கை மாறிப் போயிருக்கும்.”

“புடவைக்கடை?”

“முந்தானை வலது தோள்ல இருக்கும்.”

“ஐயோ.” அவன் குழாயை மூடினான். பிறகு எதிர்பாராமல் சிரித்துவிட்டான். “அய்யாவு அண்ணனுக்குக் கல்யாண ஜோடி படம் போட்டோம்ல? அதுல பொண்ணு மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் நிக்குது?”

ஷாமினி கண்ணை மூடி யோசித்தாள். “தப்பான பக்கம்.”

“அந்த மனுஷன் ஒரு வார்த்த சொல்லலையே! கீழதானே உட்காந்திருக்காரு!”

“சொல்ல விட்டீங்களா? ‘மாலை கட்டுறத நான் சொல்லித் தரேனா அண்ணே’ன்னு கேட்டிருப்பீங்க.”

“கேட்டேன்,” என்றான் கமலநாதன்.

மழை விட்டுவிட்டது. கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பந்தி சமையல்காரர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும். தனலெட்சுமி பூட்ஸைக் கழற்றிவிட்டு, இவர்கள் இரண்டு பேரையும் மேசைக் கோடியில் உட்கார வைத்துத் தானே இலை போட்டாள். பசியில் சாம்பார் தேவாமிர்தமாக இருந்தது. பாயசத்தில் ஏலக்காய் இப்போது சரியாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் கமலநாதன் நிமிர்ந்தான்.

“அக்கா, படத்த மாத்திட்டா எங்ககிட்ட திரும்ப வருவீங்களா?”

“வரமாட்டேன்,” என்றாள் தனலெட்சுமி. “பொய் சொல்லக்கூடாது. எனக்கு அது பழகிப்போச்சு. நெனச்சா ஒரு படத்த எடுக்கிறேன், ஒரு படத்தப் போடுறேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல. சின்னக் கடைக்காரங்களுக்கும் அது போதும் தம்பி. நீ எவ்வளவு கத்தினாலும் அவங்களுக்கு அது போதும்தான்.”

“சரிக்கா.”

“ஆனா இந்த மண்டபக்காரர் இருக்காரு பாரு, புக்கிங்க சமாளிக்க அவரால முடியல. ஒரே முகூர்த்த நாளுக்கு மூணு வீடு கேக்குது, காலையில ஒரு வீடு, சாயந்திரம் ஒரு வீடு, மண்டபம் கழுவ நேரம் வேணும், ஐயரு நேரம் ஒண்ணு சொல்றாரு. நானும் ஹென்போன்ல செஞ்சு பார்த்தேன், முடியல. நேத்து ரெண்டு வீட்டுக்கு ஒரே நேரத்தக் குடுத்துட்டு மனுஷன் கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. அதெல்லாம் உங்க வேல. ஆபீஸ்ல கதவத் தொறந்து வச்சிருப்பீங்கன்னா அனுப்புறேன்.”

கமலநாதன் சோற்றைப் பிசைந்த கையோடு யோசித்தான். அவன் முகத்தில் ஏதோ தெளிந்துகொண்டு வந்தது. ஷாமினி அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல ஒரு நாள் முழுக்க மண்டபத்துல உட்காருறேன்க்கா,” என்றான். “ரெண்டு கல்யாணத்தப் பாத்துட்டு அப்புறம் செய்யுறேன். அவரு பேசட்டும், நான் கேக்குறேன்.”

அந்த நேரம் பார்த்து ஷாமினியின் பையில் இருந்த அவன் ஹென்போன் அடித்தது. ராஜேஷ்குமார். கமலநாதனின் வலது கை முழுக்க ரசச்சோறு. ஷாமினி எடுத்து அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

“நாதன், நாளைக்குக் காலையில உன் பேர முதல்ல குடுத்துடவா?” என்றான் ராஜேஷ். அவன் கத்திப் பேசுகிறவன், மேசைக்கே கேட்டது.

“வேணாம்டா. நான் வரல.”

“ஏய், என்னாச்சு? பெரிய கஸ்டமர் யாராவது மாட்டினாங்களா?”

“இல்லடா. இருந்த பெரிய கஸ்டமரும் போயிட்டாங்க. இங்கதான் பக்கத்துல நிக்கிறாங்க. எனக்கு ரசம் ஊத்துறாங்க.”

“பைத்தியமாடா உனக்கு? போயிட்டாங்கன்னு சொல்ற, வேலைக்கும் வரலன்னு சொல்ற!”

“இத்தனை நாளா அந்த ஹென்போன் சமாசாரம்தான் என்னைத் தோக்கடிச்சிச்சுன்னு நெனச்சு பயந்துக்கிட்டு இருந்தேன்டா. அது இல்ல. நான் காது குடுத்துக் கேக்கல, அதான். அத என்னால சரிபண்ண முடியும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்.”

ஷாமினி போனை அணைத்து மேசையில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை ரசத்தின் காரத்தின் மேல் போட்டுவிட்டு, “என்னை ஒரு வார்த்த கேக்காம நீங்களா முடிவு பண்ணிட்டீங்க?” என்றாள்.

கமலநாதன் திடுக்கிட்டுத் திரும்பினான். அதே தப்பை மறுபடியும் செய்துவிட்டோமோ என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டான்.

“சரி, இப்ப கேக்குறேன். மூடலாமா, நடத்தலாமா? நீ சொல்லு.”

தன் வார்த்தை எதையும் நடுவில் போடாமல் அவன் ஒரு பதிலுக்குக் காத்திருப்பதை இந்தக் கல்யாண வாழ்க்கையில் ஷாமினி இன்றுதான் பார்க்கிறாள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் உடனே சொல்லவில்லை. நிதானமாக அப்பளத்தை நொறுக்கி, ரசத்தில் போட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தனலெட்சுமி பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்த மண்டபக்காரர நாளைக்குக் காலையிலயே அனுப்புங்க,” என்றாள்.